அப்பன் கொடுக்காத கண்

விருதுநகரில் பரோட்டாக் கல் சாயங்காலம்தான் சூடாகும். அதனால் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்தில் காலை வேளையில்தான் மூளை வேலை செய்யும். சாயங்காலம் ஆனால் உதவியாளர் சீனிவாசகத்தின் மூளை படியிறங்கிக் கீழே போய்விடும்.

சீனிவாசகம் முப்பது வருடம் மிளகாய் வத்தல் மண்டியில் தரகு பார்த்தவர். மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை பொய் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அவருடைய முதலாளி யாஸ்மின், கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். தேர்வுத்தாளை விற்ற நிர்வாகியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் நிர்வாகி கல்லூரிக்கு உள்ளேயே தங்கிவிட்டார், யாஸ்மின் வெளியே வந்துவிட்டாள். கண்டுபிடிக்கும் ருசி மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை வந்தவன் பெயர் காளிராஜ். இருபத்தாறு வயது. சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம். காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிக்கிற வேலை. உட்காரச் சொன்ன பிறகும் நின்றான்.

"யாரைத் தேடணும்?" என்றார் சீனிவாசகம்.

"தேட வேண்டாம். ஊரறிஞ்ச ஆளு. பட்டாசு கம்பெனி ராஜபாண்டியன் மொதலாளி."

"அவரு வீட்டு வாசல்லயே மினி பஸ் நிக்குமே. எங்ககிட்ட எதுக்கு மாடி ஏறி வந்தீக?"

"அங்கன போனா அரிவாளோடதான் போகணும். ஒரே வெட்டுல முடிஞ்சிரும். அவருக்கு அது பத்தாது."

சீனிவாசகம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். யாஸ்மின் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க தம்பி."

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் உச்சத்தில், ராஜபாண்டியனின் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. நான்கு பேர் போனார்கள். அதில் ஒருவர் போர்மேன் செந்தூர்பாண்டி, காளிராஜின் அப்பா. குடோனில் இரண்டு வகை மருந்து இருந்தது. இரண்டும் வெள்ளைப் பொடி. ஒன்றுக்குச் சிவப்பு மூடி டிரம், இன்னொன்றுக்குப் பச்சை மூடி டிரம். அன்றைய கலவைக்குச் சிவப்பு மூடியில் இருந்து அள்ள வேண்டும். யாரோ பச்சை மூடியைத் திறந்து அள்ளிவிட்டார்கள்.

"அள்ளினது மொதலாளி," என்றான் காளிராஜ். "அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். என் கண்ணால பார்த்தேன். ஆள் பத்தலேன்னு அவரே குடோன்ல டிரம்மைத் திறந்து, வாளியில அள்ளி, கலக்குற ரூமுக்கு அனுப்பினாரு. விசாரணையில சொன்னேன். அவரு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. மூடி என்ன கலர்?"

"என்ன சொன்னீக?"

"எனக்குச் சொல்லத் தெரியலே. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்னுதான். பொறவியிலேயே."

உடனே வக்கீல் தன் பையில் இருந்து கண் ஆஸ்பத்திரி அட்டைகளை எடுத்தார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகள். பதினேழு வயதுக் காளிராஜால் ஒரு எண்ணையும் படிக்க முடியவில்லை. வக்கீல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். மகனுக்கே கலர் தெரியவில்லை என்றால் அப்பனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? குறையை மறைத்து வேலைக்குச் சேர்ந்த போர்மேன், தானே தப்பான டிரம்மில் அள்ளி, தன்னோடு மூன்று பேரையும் கொண்டுபோய்விட்டான். விசாரணை முடிந்தது.

"அப்பா செத்தது மருந்துல. அதுக்குப் பெறகு என் கண்ணை வச்சு இன்னொரு தடவை கொன்னாக," என்றான். "வருசா வருசம் நினைவு நாளைக்கு பிளெக்ஸ் கட்டுவாக. மூணு போட்டோதான் இருக்கும். அந்த மூணு வீட்டுப் பொம்பளைகளும் எங்கம்மா நிக்கிற குழாய்ல தண்ணி பிடிக்க மாட்டாக. எனக்கு வேண்டியது ஒன்னுதான் மேடம். அவரு வீட்டுல, நாலு பேரு முன்னாடி, அவரு அவமானப்படணும். நான் நின்ன மாதிரி நிக்கணும்."

யாஸ்மின் அவன் கொண்டுவந்த விசாரணை அறிக்கையின் நகலைப் புரட்டினாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"'மகன் நிறக்குருடு என்பது உறுதியானதால், இக்குறை தந்தை வழியே வந்தது என்பது தெளிவாகிறது.' இதை எழுதினவர் பள்ளிக்கூடத்துல அந்தப் பாடத்தன்னைக்கு லீவு போட்டிருக்கார், அண்ணாச்சி."

"எதுக்கு? சொத்து, கடை, கோபம், வழுக்கை எல்லாம் அப்பன் வழிதானே?"

"சொத்தை எழுதுறது பத்திரம் எழுதுறவர். உடம்பை எழுதுறது குரோமோசோம். ஒரு மனுசனுக்கு இருபத்து மூணு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒன்னு அம்மா தந்தது, ஒன்னு அப்பா தந்தது. கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது. பொண்ணுன்னா ரெண்டு எக்ஸ். பையன்னா ஒரு எக்ஸ், ஒரு ஒய். அம்மாகிட்ட ஒய் கிடையாது. அப்போ பையனுக்கு அந்த ஒய்யை யாரு கொடுத்தது?"

"அப்பன்."

"எக்ஸை?"

"மிச்சம் இருக்குறது அம்மாதான்."

"சிவப்பு, பச்சை பார்க்குற ஜீன் இருக்குறது எக்ஸ்ல. ஒய்ல கிடையாது."

சீனிவாசகம் மீசையைத் தடவினார். "அப்போ அப்பன் மகனுக்கு அந்தக் கண்ணைக் கொடுக்கவே முடியாதா? ஒய்ல வேற என்னதான் இருக்கு?"

"நீங்க இப்போ தடவுறீகளே, அது."

காளிராஜ் முதல் தடவையாக உட்கார்ந்தான். யாஸ்மின் அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க அம்மாகூடப் பொறந்த ஆம்பளை யாராவது உண்டா?"

"சுடலை மாமா. ஒரே தம்பி."

"அவருக்குக் கலர் தெரியுமா?"

"அவரு சோம்பேறி மேடம். இங்கன மண்டியில வேலைக்குச் சேர்ந்தாரு. மிளகாயில பழத்தையும் பச்சையையும் ஒரே குவியலாப் போட்டாருன்னு மத்தியானமே விரட்டி விட்டுட்டாக."

சீனிவாசகம் தொண்டையைச் செருமினார். "நெட்டையா, தெத்துப்பல்லா?"

"ஆமா."

"விரட்டினது நான்தான். இன்னைக்கு வரைக்கும் அந்தாளு மேல எனக்குக் கோபம்."

"கோபத்தை அவரோட எக்ஸ் மேல மாத்திக்கோங்க," என்றாள் யாஸ்மின். "தம்பி, உங்க கண்ணு உங்க அம்மா வழியா, மாமன் வீட்டுல இருந்து வந்தது. அம்மாவுக்கு ரெண்டு எக்ஸ். ஒன்னு பழுது, ஒன்னு நல்லது. நல்லது பார்த்துக்கிட்டதால அவுகளுக்குத் தெரியவே இல்லை. உங்களுக்குக் கொடுக்கும்போது பழுதானது வந்திருச்சு. உங்க அப்பாவுக்கும் உங்க கண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த சாட்சியமே செல்லாது."

காளிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஒன்பது வருடமாகக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அப்பாவைக் கொன்றவனைப் பார்த்தவன். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இல்லை.

"அப்பா பழியில இருந்து தப்பிச்சாரு. மொதலாளி?"

"அதான் எனக்கும் உறுத்துது. வக்கீல் பையில கண் ஆஸ்பத்திரி அட்டை எதுக்கு இருந்துச்சு? உங்களுக்குக் கலர் தெரியாதுன்னு முன்னாடியே யாருக்குத் தெரியும்?"

காளிராஜ் யோசித்தான். "பத்தாவது லீவுல அவுக கம்பெனியில லேபிள் பிரிக்கப் போனேன். கலரை மாத்தி மாத்தி அடுக்கிட்டேன். சூப்பர்வைசர் அடிக்க வந்தாரு. மொதலாளி தடுத்தாரு. ஒன்னுமே சொல்லாம என் தலையைத் தடவிட்டுப் போனாரு."

"தடவினாரா," என்றாள் யாஸ்மின் மெதுவாக.

சீனிவாசகம் எழுந்து செருப்பை மாட்டினார். "மேடம், அந்தாளு வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையைத் தவிர வேற உடுத்தி நான் பார்த்ததே இல்லை. சிவகாசியில என் பழைய சிநேகிதர் அய்யாதுரை இருக்காரு. ராஜபாண்டியன் கம்பெனி லேபிள் எல்லாம் அவரு ஓட்டுற மெஷின்லதான் அடிக்குது. மெஷினுக்கு மை ஊத்துற நேரம் போக மிச்ச நேரம் ஊர்க்கதை ஊத்துவாரு."

*

ஆமத்தூர் வழியாகப் போன பஸ் அவர்களைச் சிவகாசியில் உச்சி வெயிலில் இறக்கிவிட்டது. அச்சகத்தில் அய்யாதுரை மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். கையெல்லாம் மை.

"ராஜபாண்டியன் அண்ணாச்சிக்குக் கலர் தெரியுமான்னா கேக்குறீக? அவரு இங்கன வந்ததே இல்லையே. முன்னெல்லாம் அவரு சம்சாரம் செல்லக்கனி வந்து புரூப் பார்க்கும். இப்போ மக ஹர்ஷினி."

சுவரில் ஒட்டியிருந்த பழைய கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிளைக் காட்டினார். மூன்று வயதுக் குழந்தை ஒன்று வாய் நிறையச் சிரித்தது. "இந்தப் புள்ளைதான். அப்பன் பொண்ணு படத்தைத்தான் பெட்டியில போடுவேன்னு நின்னுட்டாரு. நாளைக்கழிச்சு அதுக்கு நிச்சயதார்த்தம்."

"புரூப் நல்லாப் பார்க்குமா?" என்றாள் யாஸ்மின்.

அய்யாதுரை சுற்றும் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். புஸ்வாணப் பெட்டியின் மாதிரி அச்சு. புல்தரை முழுக்கச் செங்கல் நிறத்தில் இருந்தது. அடியில் 'சரி, ஹர்ஷினி' என்று கையெழுத்து.

"எங்க ஆளு பிளேட்டை மாத்தி மாட்டிட்டான். அது அப்படியே சரின்னு போட்டுட்டுப் போயிருச்சு. போன் பண்ணினேன். 'அண்ணே, எனக்குச் சின்ன வயசுல இருந்தே ரெண்டும் ஒன்னுதான், அப்பா யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக, கல்யாணம் நின்னுரும்னு'ன்னு சிரிச்சிச்சு. நானும் சரி பண்ணி அடிச்சுக் கொடுத்துட்டேன்."

யாஸ்மின் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யாதுரை அண்ணாச்சி, ராஜபாண்டியன் கட்டினது யாரை?"

"அக்கா மகளைத்தான். செல்லக்கனிக்கு அவரு சொந்தத் தாய்மாமன். ஏன்?"

"ஒரே வீட்டுச் சரக்கு ரெண்டு வழியா வந்து ஒரே பொண்ணுகிட்டச் சேர்ந்திருக்கு," என்றாள் யாஸ்மின். "கிளம்புங்க. இந்தத் தாளை நான் எடுத்துக்கிறேன். நல்ல பச்சையில அடிச்சதும் ஒன்னு வேணும்."

*

ராஜபாண்டியன் வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தத்துக்கான தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். பழம், வெற்றிலை, பூ, ஒரு தட்டு நிறையக் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையுமாக. ஹர்ஷினி ஜாக்கெட் வாங்க மதுரைக்குப் போயிருந்தாள். ராஜபாண்டியன் மட்டும் சோபாவில், வெள்ளைச் சட்டையில். காளிராஜை யாஸ்மின் வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

"வாங்க, உக்காருங்க. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு." யாஸ்மின் ஒரு புஸ்வாண லேபிளைத் தூக்கிக் காட்டினாள். "இந்தப் புல்லு என்ன கலர் மொதலாளி?"

அவர் சிரித்தார். உள்கதவுப் பக்கம் திரும்பி, அங்கே நின்ற மனைவியிடம், "கனி, காப்பி கொண்டா," என்றார். பிறகு சொன்னார்: "பச்சை."

"இது?"

அவர் மறுபடி உள்கதவைப் பார்த்து, "சீக்கிரம் கனி," என்றார். "சிவப்பு. புல்லுக்கு இந்தக் கலரைப் போட்டவன் எவன்?"

இரண்டும் சரி. சீனிவாசகத்தின் முகம், தான் வாங்கிய மூட்டையில் பாதி மண் என்று தெரிந்த முகமாயிற்று. யாஸ்மின் மட்டும் உள்கதவைப் பார்த்தாள். கதவுச் சட்டத்தில் வைத்திருந்த செல்லக்கனியின் கை அப்போதுதான் கீழே இறங்கியது. அவள் காப்பி எடுக்க உள்ளே போனாள்.

"இந்த ரெண்டாவதுல சரின்னு கையெழுத்துப் போட்டது உங்க மக," என்றாள் யாஸ்மின். "அவளுக்குக் கலர் தெரியாது."

ராஜபாண்டியன் தாளை வாங்கிப் பார்த்தார். அசரவில்லை. "இருக்கட்டும். வாசல்ல நிக்கிறவன் செந்தூர்பாண்டி மகன்தானே? என்ன சொல்லிக் கூட்டியாந்தீக? அவன் கண்ணு அவன் ஆத்தா வழின்னா? அப்போ என் மக கண்ணும் அவ ஆத்தா வழிதான். எனக்கென்ன?"

"நல்லாத்தான் கேக்குறீக. பையனுக்கு ஒரே எக்ஸ், அம்மா கொடுத்ததோட முடிஞ்சது. பொண்ணுக்கு ரெண்டு. ஒன்னு நல்லா இருந்தாலே போதும், கலர் தெரிஞ்சிரும். ஹர்ஷினிக்குத் தெரியலேன்னா ரெண்டுமே பழுது. ஒன்னு அம்மா தந்தது. இன்னொன்னு அப்பா தந்தது. அப்பாகிட்ட இருக்குறதே ஒரே எக்ஸ். அதைத்தான் அவரு மகளுக்குத் தர முடியும். மகனுக்குக் கொடுக்க முடியாததை மகளுக்குக் கொடுக்காம இருக்கவும் முடியாது. லட்சத்துல ஒன்னு விதிவிலக்கு இருக்கலாம். உங்க விசயத்துல அது இல்லைன்னு நினைக்கிறேன்."

அவர் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் ராஜபாண்டியன், குரலை இறக்கி. "இந்த வருசம் நாலாவது போட்டோவையும் சேர்த்துருவோம். பிளெக்ஸ் நானே அடிச்சுத் தர்றேன். பேச்சை இத்தோட முடிச்சுக்குவோம்."

"சரக்கு நல்ல சரக்குதான் மொதலாளி," என்றார் சீனிவாசகம். "ஆனா அரை மூட்டையா இருக்கு. போட்டோவுக்குக் கீழே யாரால செத்தாருன்னும் போடணுமே."

ராஜபாண்டியன் முகம் இறுகியது. "என் கண்ணுல ஒரு குறையும் இல்லை. எந்தக் கோர்ட்ல வேணாலும் சொல்லுவேன்."

"சொல்லுங்க. அப்போ ஹர்ஷினி உங்க மக இல்லை," என்றாள் யாஸ்மின். "ரெண்டுல ஒன்னை நீங்களே எடுத்துக்கோங்க."

இந்த இடத்தில் அவர் உடைவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பெட்டிக்குப் பெட்டி மகளின் முகத்தை அச்சடித்த மனிதர். ஆனால் ராஜபாண்டியன் சந்தைக்காரர். ஒரு தட்டில் நான்கு உயிரையும் ஜெயிலையும் வைத்தார். இன்னொரு தட்டில் மனைவியையும் மகளையும் வைத்தார். எது இலேசு என்று பார்த்தார்.

"நான் சீசன் சீசனா கம்பெனியிலயே கிடந்தவன்," என்றார் தரையைப் பார்த்து. "வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் எங்கன கண்டேன்? நீங்க சொல்ற சயின்சு அப்படித்தான் சொல்லுதுன்னா, அப்படித்தான் இருக்கும்."



காப்பித் தட்டு மேசையில் இறங்கும் சத்தம் கேட்டது. செல்லக்கனி நிமிர்ந்து நின்றாள். நாற்பத்தேழு வயது, நெற்றி நிறையக் குங்குமம். குரல் ஏறவே இல்லை.

"மாமா, எங்கம்மாவோட தம்பின்னு உங்களுக்குக் கழுத்தை நீட்டினேன். கல்யாணமான அன்னைக்கே சொன்னீக, கனி, எனக்குக் கலர் தெரியாது, நீதான் எனக்குக் கண்ணுன்னு. இருபத்தேழு வருசம் விரலைக் காட்டினேன். ஒன்னு காட்டினா சிவப்பு. ரெண்டு காட்டினா பச்சை. இப்போகூடக் காட்டினேன்."

"கனி, உள்ள போ."

"கம்பெனியில என் விரல் இல்லைன்னு, நான் வந்து காட்டுற சிவப்பு மூடி விளிம்புல கத்தியால ஒரு வெட்டுப் போட்டு வைப்பீக. தடவிப் பார்த்துத் திறப்பீக. அன்னைக்கு வந்தது புது டிரம். எதுலயும் வெட்டுப் போடலே. லோடு போகணும்னு அவசரத்துல நீங்களே திறந்து அள்ளிக் கொடுத்தீக. சாயங்காலம் வந்து என் மடியில விழுந்து அழுதீக. வாயைத் திறந்திராத கனி, திறந்தா ஹர்ஷினிக்கு அப்பன் இல்லாமப் போயிருவான்னீக."

அவள் வளையல் தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தாள்.

"ஒன்பது வருசம் அவளுக்காக மூடி வச்சிருந்தேன். இன்னைக்கு நீங்களே அவளுக்கு அப்பன் இல்லேன்னுட்டீக. இனிமே நான் யாருக்காக மூடணும்?"

ராஜபாண்டியன் எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. செல்லக்கனி சீனிவாசகத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வாசல்ல நிக்கிற தம்பியை உள்ள வரச் சொல்லுங்க. போலீசு வந்து எழுதுறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளை என் வாயால ஒரு தடவை கேக்கட்டும். பெறகு அந்த மூணு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன்."

"வெளியே வரைக்கும் கேட்டுச்சும்மா," என்றான் காளிராஜ்.

அவன் ஏற்கெனவே நிலையைத் தாண்டி நின்றான். கையில் அரிவாள் இல்லை. தட்டு வரிசையைப் பார்த்தான். குனிந்து கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்தான். ராஜபாண்டியனுக்கு நேராக, அவர் கண் உயரத்துக்கு, அதைத் தூக்கிப் பிடித்தான்.

"மொதலாளி, என்கிட்ட நாலு பேரு முன்னாடி கேட்டாக. நானும் கேக்குறேன். இது என்ன கலர்?"

கேட்டவனுக்கும் விடை தெரியாது.

ராஜபாண்டியனின் கண்கள், இருபத்தேழு வருடப் பழக்கத்தில், செல்லக்கனியின் கையைத் தேடின.

செல்லக்கனி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.